ஆரணி: தறிக்குழியிலிருந்து ஓர் ஊர் வரலாறு

ஆரணியின் வரலாறு என்று தேடிப்போனால் முதலில் கிடைப்பவை போர்களே. ஆற்காட்டு முற்றுகை முடிந்த கையோடு, 1751 டிசம்பர் 3 அன்று, ராபர்ட் கிளைவ் மராட்டியக் குதிரைப்படையின் துணையோடு சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபை ஆரணிக்கு அருகே முறியடித்தார். முப்பது ஆண்டு கழித்து, 1782 ஜூன் 2 அன்று, ஹைதர் அலி தம் தானியத்தையும் தளவாடங்களையும் சேர்த்து வைத்திருந்த ஆரணிக் கோட்டையைக் குறிவைத்து சர் அயர் கூட் வந்தார். ஹைதர் விரைந்து வந்து மறித்தார். கோட்டை கைக்கு வராமலே கூட் திரும்பினார். இந்த இரண்டு தேதிகளும் எல்லா நூல்களிலும் இருக்கின்றன. இரண்டிலும் ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை. நெல்லைப் பறிகொடுத்தவர்கள், தறியை அப்படியே விட்டுவிட்டு ஓடியவர்கள், திரும்பி வந்து குழியில் இறங்கி மறுபடி மிதித்தவர்கள் யாரும் அந்தப் பக்கங்களில் வருவதில்லை.

ஆரணியை இன்றிருக்கும் ஊராக ஆக்கியதும் இத்தனை காலம் தாங்கி நிறுத்தியதும் தறிதான் என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து. தறி என்று சொல்லும்போது மரச்சட்டத்தை மட்டும் சொல்லவில்லை. அதைச் சுற்றிய கடன், சாதி, தெரு, கோயில், பெண்களின் உழைப்பு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதில் அடக்கம். இவ்வளவு நெய்த ஊருக்குத் தன் பெயரில் ஒரு சேலையை விற்கும் வலிமை ஏன் வாய்க்கவில்லை என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வருகிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தின் வடபகுதியில், வேலூருக்கும் செய்யாற்றுக்கும் போளூருக்கும் நடுவே ஆரணி இருக்கிறது. 1989இல் மாவட்டம் பிரியும்வரை இது வட ஆற்காடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகராட்சியில் ஏறக்குறைய 63,000 பேர். ஊரை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதி ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து செய்யாற்றில் கலக்கிறது; செய்யாறு பாலாற்றில் சேர்கிறது. ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. ஜமதக்கினி முனிவரின் கமண்டலத்திலிருந்து பிறந்த ஆறு என்று படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலின் புராணம் சொல்கிறது. கரையிலுள்ள புதுக்காமூர் புத்திரகாமேட்டீஸ்வரர் கோயிலில்தான் தசரதன் பிள்ளை வரம் வேண்டி வேள்வி செய்தான் என்பார்கள். இன்றைக்கும் குழந்தைப் பேறு வேண்டி வருகிறவர்கள் அங்கே நிற்கிறார்கள். ரயில் ஊருக்குள் வரவில்லை. விழுப்புரம்–காட்பாடி தடத்தில் களம்பூரில் ஒரு நிலையம் வைத்து அதற்கு ‘ஆரணி ரோடு’ என்று பெயரிட்டார்கள். ஆக, ஆரணியின் சரக்கு மாட்டுவண்டியிலும், பின்னாளில் லாரியிலும் பஸ்ஸிலும்தான் வெளியூர் போனது.

கோட்டையை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 17ஆம் நூற்றாண்டில் பிஜப்பூர் சுல்தானுக்காகக் கர்நாடகப் படையெடுப்பை நடத்திய ஷாஜி, தம்மிடம் இருந்த வேதாஜி பாஸ்கர பந்த் என்ற தேசஸ்தப் பிராமணரிடம் ஆரணியை ஒப்படைத்தார். 1677இல் ஷாஜியின் மகன் சிவாஜி தெற்கே வந்தபோது இதே பாஸ்கர பந்த் தம் பிள்ளைகளோடு போய்க் கோட்டைச் சாவியைக் கொடுத்து வணங்கியதாக மராட்டிய வரலாறுகள் கூறுகின்றன. அந்த வழியினர்தான் ஆரணி ஜாகீர்தார்கள். நவாபு, கம்பெனி, வெள்ளைக்கார அரசு என்று மேலே ஆட்சி மாறிக்கொண்டே இருந்தாலும் ஜாகீர் தொடர்ந்தது. 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து அந்தக் காலத்தை முடித்து வைத்தது. மாத்வரின் உத்தராதி மடத்துப் பீடாதிபதி சத்திய விஜய தீர்த்தரின் பிருந்தாவனம் ஆரணியை ஒட்டிய சத்தியவிஜயநகரத்தில் இருக்கிறது. எஸ்.வி.நகரம் என்று பஸ்களில் எழுதியிருப்பது அந்த ஊர்தான். ஜாகீர்தார்களின் அரண்மனையும் அங்கே உண்டு. பூசிமலைக்குப்பத்துக் காட்டுக்குள் அவர்கள் ஆங்கிலேயப் பாணியில் கட்டிய மாளிகை இடிந்து நிற்கிறது. பார்க்கிறவர் மனம் கனக்கும் இடம் அது. முந்நூறு ஆண்டு அதிகாரம் செங்கல்லும் கொடியுமாகக் கிடக்கிறது.

அரண்மனை ஓர் ஊருக்குச் செய்யக்கூடியது என்ன? பட்டும் மெல்லிய துணியும் வாங்குவதற்கு ஆள் தரும். நெசவாளர் குடியேறத் தெருவும் பாதுகாப்பும் தரும். ஜாகீரின் முக்கியப் பங்கு இதுவே என்பது என் கணிப்பு. ஆனால் நெசவு ஜாகீருக்கும் மூத்தது. தொண்டை மண்டலத்தில் கைக்கோளர், சாலியர் ஆகியோரின் தொழில் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே பதிவாகியுள்ளது. விஜயநகர ஆட்சியில் அவர்களுடைய நிலை உயர்ந்ததை விஜயா ராமசாமி, இடைக்காலத் தென்னிந்தியத் துணித் தொழிலைப் பற்றி 1985இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். காஞ்சிபுரத்திலும் வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்திலும் கைக்கோளர்கள் பல்லக்கில் போகவும் சங்கு ஊதிக்கொள்ளவும் உரிமை பெற்றிருந்தார்கள். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மற்ற ஊர்க் கைக்கோளர்களும் அதைச் சுட்டிக்காட்டி அதே உரிமையைக் கேட்டுப் பெற்றார்கள். நெய்கிறவன் கோயிலில் மரியாதை கேட்கும் அளவுக்குப் பொருளும் ஒற்றுமையும் பெற்றிருந்த காலம் அது. இன்று கூலி நெசவாளி ஒருவர் வங்கியில் கடன் கேட்டு நிற்பதைப் பார்க்கும்போது இந்தக் கல்வெட்டுகள் நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது.

இந்த வட்டாரத்தில் நெசவு ஒரே சாதியின் கையில் இருந்ததில்லை. செங்குந்தர், தேவாங்கர், பத்மசாலியர், சௌராஷ்டிரர் எல்லாரும் தறிக்காரர்களே. தேவாங்கருக்குச் சௌடேஸ்வரி, பத்மசாலியருக்கு மார்க்கண்டேயர், செங்குந்தருக்கு முருகனும் நவவீரரும் என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தெய்வம், ஒரு விழா. சௌராஷ்டிரர் வீட்டுக்குள் பேசும் மொழி வேறு, தெருவில் தமிழ். குஜராத்துப் பக்கத்திலிருந்து பல தலைமுறைகளாகத் தெற்கே நகர்ந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய நெடுநாள் நம்பிக்கை. அதற்குச் சான்றாகப் பலரும் காட்டுவது இன்றைய மத்தியப் பிரதேசத்து மந்தசோர்க் கல்வெட்டு. லாட நாட்டிலிருந்து குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழு ஒன்று 5ஆம் நூற்றாண்டில் அங்கே சூரியனுக்குக் கோயில் எடுப்பித்ததை அது சொல்கிறது. அக்குழுவினர் சிலர் நெசவைத் தொடர்ந்தார்கள், சிலர் வில்வித்தைக்கும் சோதிடத்துக்கும் போய்விட்டார்கள் என்றும் அது குறிக்கிறது. நெசவாளர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போவது நம் காலத்துப் புதுமை என்று எண்ணுகிறவர்கள் படிக்க வேண்டிய கல்வெட்டு.

ஊரில் இன்னொரு பழைய சமூகம் தமிழ்ச் சமணர். நயினார் என்று அழைக்கப்படும் இவர்கள் வேளாண்மையை நம்பியவர்கள். ஆரணி, வந்தவாசி, செய்யாறு, போளூர் வட்டாரமே தமிழ்நாட்டில் அவர்கள் மிகுதியாக வாழும் நிலம். போளூர் பக்கத்துத் திருமலையில் குந்தவையின் பெயர் தாங்கிய ஜினாலயமும் பாறையில் வடித்த உயரமான நேமிநாதர் சிலையும் உள்ளன. ஆரணிக்கு அருகே பூண்டியிலும் பழைய அருகன் கோயில் உண்டு. புழு கொல்லப்பட்டுக் கிடைக்கும் பட்டு, உயிர்க்கொலை மறுக்கும் சமணர், மச்சம் விடாத நெசவுத் தெருக்கள், வைணவச் சௌராஷ்டிரர், மாத்வ ஜாகீர்தார், பள்ளிவாசல்கள் எல்லாம் ஒரே சந்தையைச் சுற்றி வாழ்ந்த ஊர் இது.

ஐரோப்பியர் பதிவுகளில் ஆரணி முதலில் பெயர் பெற்றது பட்டுக்காக அன்று, மஸ்லினுக்காக. 19ஆம் நூற்றாண்டில் இந்தியத் துணிகளைப் பட்டியலிட்டவர்கள் டாக்காவைச் சொன்ன பிறகு தெற்கே ஆரணியைச் சொன்னார்கள். பருத்தி நூலை அவ்வளவு மெல்லியதாக நூற்கவும் அறுபடாமல் நெய்யவும் தெரிந்த கைகள் இங்கே இருந்தன. ஆலை நூலும் மான்செஸ்டர் துணியும் வந்தபின் அந்த மஸ்லின் போன இடம் தெரியவில்லை. கை மட்டும் மிஞ்சியது. மெல்லிய இழையைக் கையாளப் பழகிய கைக்குப் பட்டு அந்நியமில்லை. இன்று ஆரணிச் சேலையைப் பற்றி வியாபாரிகள் முதலில் சொல்லும் சொல் ‘லேசு’. காஞ்சிபுரத்துக் கனத்த சேலைக்கு எதிரே ஆரணிச் சேலையின் அடையாளமே எடைக்குறைவுதான். மஸ்லினையும் இந்த லேசையும் இணைக்கும் ஆவணம் எதுவும் என் கையில் இல்லை. இணைத்துப் பார்க்காமல் இருக்கவும் என்னால் முடியவில்லை.

தறியை அருகே போய்ப் பார்க்கலாம். வீட்டின் முன்கட்டு முழுவதையும் தறி எடுத்துக்கொண்டிருக்கும். தரையில் குழி; குழிக்குள் கால்; காலுக்குக் கீழே மிதிகள். உட்கார்ந்திருக்கும் நெசவாளியின் மார்புக்கு நேரே நீளவாக்கு இழைகளான பாவு விரிந்திருக்கும். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி; அதிலிருந்து கயிறுகள் இறங்கும்; துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பும். ஒவ்வோர் அட்டையும் எந்த இழை எழும்ப வேண்டும், எது தாழ வேண்டும் என்று சொல்கிறது. லியோன் நகரத்தில் 1804இல் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய ஏற்பாடு இது. இப்போது பல தறிகளில் அட்டைக்குப் பதில் கணினி வந்துவிட்டது.

ஒரு பாவில் மூன்று நான்கு சேலைகள் நெய்யலாம். அது முடிந்ததும் புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் இழை நுனியோடு முறுக்கி இணைக்க வேண்டும். பாவு பிணைத்தல் என்பது இதுதான். விரல் வழுக்காமலிருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, முடிச்சுப் போடாமல், இரண்டு நுனிகளையும் சேர்த்து ஒரே உருட்டு. அப்படி ஆயிரக்கணக்கான இழைகள். பழகியவர் கையைக் கண் தொடர முடியாது. கண் மங்கியவர்கள்கூட விரலின் உணர்விலேயே பிணைப்பார்கள். இந்த வேலைக்குக் கிடைக்கும் கூலி சேலை விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பாவு பிணைப்பது, தார் சுற்றுவது, நூல் இழைப்பது ஆகிய வேலைகளில் பெரும்பகுதி வீட்டுப் பெண்களுடையது. 2019–20ஆம் ஆண்டின் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களைக் கண்டது. அதில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். ஆனால் ஊரில் ‘நெசவாளி’ என்றால் நாடா தள்ளும் ஆணையே குறிக்கிறார்கள். சேலையில் பாதி உழைப்பு கணக்கில் ஏறாமலே போகிறது.

விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுவது நெசவூர்களின் பொதுக்காட்சி. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழையிழையாகப் பிரித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். நாலு வீட்டு ஆட்கள் கை கொடுத்தால்தான் நடக்கும் வேலை. பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கூடப் பாவுக்கு வந்து நின்றாக வேண்டும். தெரு அவர்களுக்குப் பட்டறையின் நீட்சி. வண்டி வந்தால் வண்டிதான் காத்திருக்கும். மழைக்காலம் இவர்களுக்குப் பகை. குழியில் ஈரம் ஊறும், பாவு காயாது, நூல் தளரும், தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். ஆடியில் வியாபாரம் மந்தம். அந்த ஆடியில்தான் படவேட்டு அம்மனுக்கு ஊரே கிளம்பிப் போகிறது. முகூர்த்தம் மிகுந்த மாதங்களில் இரவும் விளக்கு எரியும். ஆரணிக்கான நாள்காட்டி தமிழ்நாட்டுக் கல்யாண நாட்களால் எழுதப்படுகிறது.

இந்த ஊரை அறிவுலகம் கவனிக்காமல் விட்டுவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. உலகில் மிக நீண்டகாலம் பொருளாதார ஆய்வுக்கு உட்பட்ட சிறு நகரங்களில் ஒன்று ஆரணி. உள்ளூரில் பலருக்குத் தெரியாத செய்தி இது. 1973–74இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று பசுமைப் புரட்சியின் விளைவை அறிய வட ஆற்காட்டில் 11 கிராமங்களை எடுத்துக்கொண்டது. அக்குழுவில் இருந்த பார்பரா ஹாரிஸ்-ஒயிட் நெல் வியாபாரத்தைப் பின்தொடர்ந்து ஆரணிக் கடைத்தெருவுக்கு வந்தார். பின்னர் பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் அவரும் சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்களும் இங்கே திரும்பத் திரும்ப வந்தார்கள். நேசல், விநாயகபுரம், வீரசம்பனூர் ஆகிய மூன்று ஊர்களை 1990களில் மறுபடி ஆராய்ந்தார்கள். 2003இல் வந்த ‘இந்தியா ஒர்க்கிங்’ என்ற நூலின் பெரும்பகுதி ஆரணி தந்த பாடம். நாற்பது ஆண்டு மாற்றங்களைத் தொகுத்து 2016இல் ஒரு நூல் வந்தது. இத்தாலியப் பொருளாதார அறிஞர் எலிசபெத்தா பாசிலேயும் ஆரணியை வைத்தே தம் நூலை எழுதினார்.

அவர்கள் கண்டதில் மூன்று செய்திகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. 1970களில் ஆரணி முதலில் ஓர் அரிசி ஊர். புதுரக நெல், பம்புசெட்டுக் கிணறு, அரிசி ஆலை எல்லாம் சேர்ந்து ஊருக்குப் பணம் கொண்டுவந்தன. களம்பூர்ப் பொன்னி அரிசிக்கு இன்றும் சென்னையில் தனி மதிப்பு. அந்தப் பணம் அரிசியிலேயே தங்கவில்லை. பட்டுக்கும் நகைக்கும் வட்டிக்கும் போனது. அரிசி, பட்டு, தங்கம் என்ற மூன்று காலில் ஊர் நின்றது.

இரண்டாவது, தறி ஊரைவிட்டு வெளியே நடந்தது. முள்ளிப்பட்டு, சேவூர், ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, தேவிகாபுரம் என்று சுற்றுப்புறமெல்லாம் பட்டுத் தறிகள். அவற்றில் சில ஊர்கள் பழைய நெசவூர்கள். பெரியநாயகி அம்மன் கோயில் கொண்ட தேவிகாபுரம் விஜயநகரக் காலத்திலேயே பெரிய ஊர். ஆனால் 1970களுக்குப் பிறகு நெசவே அறியாத வேளாண் குடும்பங்களும் தறி போட்டன. கிணறு வறண்டது, மோட்டார் இறங்க இறங்க ஆழம் கூடியது, நாற்றுநடவுக் கூலி ஆண்டில் சில மாதத்துக்குத்தான். தறி ஆண்டு முழுவதும் வேலை தந்தது. வன்னியர் வீடுகளில் தறிச் சத்தம் கேட்கத் தொடங்கியது இப்படித்தான். சாதித் தொழில் என்று நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்ட ஒன்றை ஒரு தலைமுறைக்குள் வேறு சாதியினர் கற்றுக்கொண்டு தேர்ச்சி பெற்றார்கள். கைத்திறம் பிறப்பில் வருகிறது என்ற பேச்சுக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டியதில்லை. தலித் மக்கள் மட்டும் தறிக்குள் எளிதாக நுழைய முடியவில்லை. தறி வீட்டுக்குள் இருக்கிறது, நூல் கடனாக நம்பிக்கையின் பேரில் வருகிறது. அந்த வீட்டையும் நம்பிக்கையையும் சாதி வேலி போட்டு வைத்திருந்தது.

மூன்றாவது செய்தி சங்கங்களைப் பற்றியது. அரிசி ஆலை உரிமையாளருக்கு ஒன்று, நகைக் கடைக்காரருக்கு ஒன்று, பட்டு உற்பத்தியாளருக்கு ஒன்று, ஒவ்வொரு சாதிக்கும் ஒன்று என்று ஆரணியில் சங்கங்கள் பெருகின. கடை அடைப்பு எந்த நாள், கூலி எவ்வளவு, கொடுக்கல் வாங்கலில் தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்பதையெல்லாம் அரசாங்கத்தைவிட இவை அதிகம் முடிவுசெய்தன. கல்யாணம், இழவு, கோயில் வரி, படிப்புக்கு உதவி என்று இந்தச் சங்கங்கள் செய்த நன்மை பெரிது. முதலாளியும் தொழிலாளியும் ஒரே சாதிச் சங்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கூலி உயர்வு கேட்கும் குரல் தாழ்ந்துபோகிறது என்பதையும் பாசிலேயும் ஹாரிஸ்-ஒயிட்டும் காட்டினார்கள். அவர்களுடைய அந்த முடிவோடு நான் முழுமையாக உடன்படுகிறேன்.

கூலி என்ற இடத்தில்தான் பட்டின் உட்கணக்கு இருக்கிறது. கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ராமநகரத்திலும் சிட்லகட்டாவிலும் கூடு ஏலம் போகும். நூலாகி, முறுக்கேறி, சாயம் பிடித்து ஆரணிக்கு வந்து சேரும். ஜரிகைக்குச் சூரத். இரண்டும் விலை கூடிய சரக்கு. கூலி நெசவாளியால் முதல் போட முடியாது. ஆகவே முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் எடைபோட்டுக் கொடுப்பார். நெசவாளி நெய்து சேலையாகத் திருப்பித் தருவார். சேலைக்கு இவ்வளவு என்று கூலி. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்கு நாலைந்து நாளிலிருந்து பதினைந்து நாள் வரை ஆகும். இடையில் கல்யாணம், பிரசவம், மருத்துவம் எது வந்தாலும் முதலாளியிடம் முன்பணம். முன்பணம் தீரும்வரை வேறு முதலாளிக்கு நெய்ய முடியாது. வேறு முதலாளி அந்தக் கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொண்டால் கடன் கை மாறும், அவ்வளவுதான்.

1831இல் லியோன் நகரப் பட்டு நெசவாளர்கள் எழுந்ததும் இதே ஏற்பாட்டை எதிர்த்துத்தான். அங்கும் வியாபாரி நூல் கொடுப்பார், நெசவாளி வீட்டில் நெய்வார், கூலி துணிக்கு இவ்வளவு. குறைந்தபட்சக் கூலிப் பட்டியல் ஒன்று அக்டோபரில் ஒப்புக்கொள்ளப்பட்டு, வியாபாரிகள் பலர் அதை ஏற்க மறுத்ததால், நவம்பரில் நெசவாளர்கள் நகரையே கைப்பற்றினார்கள். பிறகு படை வந்து அடக்கியது. ஆரணியில் அப்படியொரு கிளர்ச்சி எழவில்லை. தறிகள் லியோனைப் போல ஒரே குன்றின்மேல் நெருங்கி இல்லாமல் ஐம்பது கிராமங்களில் சிதறிக் கிடப்பது ஒரு காரணம். கூட்டுறவுச் சங்கங்கள் வந்தது இன்னொரு காரணம். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸும் உள்ளூர்ப் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களும் நூல் கொடுத்து, நிர்ணயித்த கூலி கொடுத்து, சேலையை வாங்கிக்கொள்ளும் மாற்று வழியைத் திறந்தன. சங்கத்தில் சரக்குத் தேங்கும்போது வேலையும் தேங்குகிறது என்ற குறை உண்மைதான். அப்படியும், தனியார் கூலி எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் சங்கக் கூலி.

பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கை முடிப்பது நேர்மையாகாது. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு பக்கக் கரைக்குத் துணையாள் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்தத் துணையாள் நெடுங்காலம் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தார். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக அடுத்தவர் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளும் உண்டு. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் எல்லாம் வந்த பிறகும் அது நடந்தது. இந்தியப் பட்டுத் தொழிலில் குழந்தைக் கொத்தடிமை பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தை எடுத்துக்காட்டியது. காஞ்சிபுரத்து முதலாளிகளின் நூல் ஆரணி வட்டாரம்வரை வந்தது, பழக்கமும் ஒன்றுதான். சத்துணவு, பக்கத்திலேயே பள்ளிக்கூடம், தொண்டு நிறுவனங்களின் இடைவிடாத வேலை, அதிகாரிகளின் சோதனை எல்லாம் சேர்ந்து அந்தப் பிள்ளைகளை மெல்ல மெல்லத் தறியிலிருந்து எழுப்பின. கோர்வை இல்லாத லேசுச் சேலைக்குத் துணையாள் தேவையில்லை என்பதும் இதில் ஒரு கை கொடுத்திருக்கிறது. அப்படி எழுந்து பள்ளிக்குப் போனவர்கள் திரும்பத் தறிக்கு வரவில்லை. அதற்காக வருந்துகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரு கலை நிலைத்திருக்க ஒரு குழந்தையின் முதுகு வளைய வேண்டுமென்றால் அந்தக் கலை வேறு வழி கண்டுபிடிக்கட்டும்.

இனி பெயர். காஞ்சிபுரம் ஆரணியிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வரதர், ஏகாம்பரநாதர், காமாட்சி, கூடவே பட்டு என்று உலகறிந்த பெயர். கல்யாணப் பட்டெடுக்க வரும் குடும்பம் சென்னைக் கடையில் ‘காஞ்சிப் பட்டு காட்டுங்க’ என்றுதான் கேட்கிறது. கடைக்காரர் காட்டுகிற அடுக்கில் ஆரணியில் நெய்தது எத்தனை என்று அவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. தியாகராய நகரில் சேலையின் பின்புறத்தைப் புரட்டிப் பார்த்து விலை பேசும் ஒரு தாய்க்கு முள்ளிப்பட்டு என்ற ஊர்ப்பெயர் காதில் விழ வாய்ப்பே இல்லை. காஞ்சிபுரப் பட்டுக்கு 2005–06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிறகு ஆரணிப் பட்டுக்கும் தனியே கிடைத்துவிட்டது. சட்டப்படி இரண்டும் இரு வேறு சரக்கு. ஒன்றை மற்றொன்றின் பெயரில் விற்கக் கூடாது. நடப்பில் ஆரணிக் குறியீடு பெரும்பாலான சேலைகளின்மேல் ஏறுவதே இல்லை. முதலாளிக்குக் காஞ்சிப் பெயரில் விற்றால் விலை. நெசவாளிக்கு எந்தப் பெயரில் விற்றாலும் அதே கூலி. பெயரைக் காக்க வேண்டியவர்களுக்கு அதில் ஆதாயம் இல்லை, ஆதாயம் வேண்டியவர்களுக்குப் பெயரைக் காக்கும் அதிகாரம் இல்லை. பட்டு அசல் என்று காட்டப் பட்டு முத்திரை இருக்கிறது, கைத்தறி என்று காட்டக் கைத்தறி முத்திரை இருக்கிறது. எந்த ஊர்க் கை என்று காட்டும் சீட்டுதான் விடுபட்டுப்போகிறது.

இதற்குள் விசைத்தறியும் வந்துவிட்டது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தறிக்கென்று 22 வகைத் துணிகளை ஒதுக்கியது. 1996இல் அவை 11 ஆகச் சுருங்கின. சேலை இன்னும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் பட்டுச் சேலையை விசைத்தறியில் ஓட்டிக் கைத்தறி விலைக்கு விற்பதைத் தடுக்கக் கோரி நெசவாளர்கள் திரும்பத் திரும்ப மனுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கச்சாப் பட்டு விலை ஏறும்போதெல்லாம் முதலாளி பாவு கொடுப்பதைக் குறைக்கிறார். அரசு கைத்தறிக்கு இலவச மின்சாரம் தருகிறது. 2016இல் இரு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்தது 2023இல் 300 ஆனது. இரவு விளக்குக்கு அது உதவும். கூலிக்கு ஈடாகாது.

இளைஞர்கள் தங்கள் கணக்கைப் போட்டுவிட்டார்கள். செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகும் கம்பெனி பஸ்கள் விடிவதற்கு முன்பே கிராம முனைகளில் நிற்கின்றன. நேற்றுவரை வீட்டில் தார் சுற்றிய பெண்கள் மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு என்று கையெழுத்துப் போட்டுப் போகிறார்கள். தங்கள் பெயரில் வரும் சம்பளம் அவர்கள் வாழ்க்கையில் முதல்முறை. தறியில் இதே பெண்கள் செய்த வேலைக்குத் தனிக் கூலிச் சீட்டு இருந்ததே இல்லை. பட்டுத் தொழிலைக் காக்க நினைக்கும் எவரும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்: பாவு பிணைப்பவருக்கும் தார் சுற்றுபவருக்கும் பெயரும் அடையாள அட்டையும் கூலிக் கணக்கும்.

அடுத்ததாக ஆரணிக்குத் தேவைப்படுவது ஒரு கணக்கெடுப்பு. நேசலிலும் வீரசம்பனூரிலும் 1973இல் வெளியூர் ஆய்வாளர்கள் தொடங்கிய கணக்கை இனி உள்ளூர்க் கல்லூரி மாணவர்கள் தொடர முடியும். எத்தனை குழித்தறி ஓடுகிறது, எத்தனை நின்றுவிட்டது, ஆரணிக் குறியீடு எத்தனை சேலையில் ஏறுகிறது, ஒரு சேலையின் விலையில் தறி வீட்டுக்கு வரும் பங்கு எவ்வளவு என்று தெருத் தெருவாக எழுதலாம். தறி வைத்திருக்கும் வீடுகளைத் தேடி அவர்கள் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. அந்த மாணவர்களில் பலரின் தாத்தா வீட்டிலேயே ஒரு குழி இருக்கிறது.